படி இறங்கிய புறா

1990-இல் மொரீசியஸ் காட்டில் மிஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாக்களை இரண்டு கை விரல்களில் எண்ணி முடித்துவிடலாம். இன்று சுமார் ஐந்நூறு பறக்கின்றன. உயிரினங்கள் அழியும் ஆபத்தை அளக்கும் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்றிருந்த இந்தப் பறவை 2000-இல் ‘அருகிய இனம்’ ஆனது. 2018-இல் இன்னொரு படி இறங்கி ‘அழிவாய்ப்பு இனம்’ ஆனது. இந்தப் பட்டியலில் படி இறங்குவதுதான் நல்ல சேதி. புறாக் குடும்பத்தைச் சேர்ந்த டோடோவையும், பிறகு நீலப் புறாவையும் அடியோடு இழந்த தீவுக்கு அது பெரிய சேதியும்கூட. ஆனால் 2018-இன் இறக்கம் நியாயமானதா, அவசரப்பட்டதா?

முதலில் விதியைப் பார்ப்போம். மிகச் சிறிய இனங்களுக்குப் பட்டியல் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. இனப்பெருக்க வயதை எட்டியவை 50-க்குக் கீழே இருந்தால் மிக அருகியது. 250-க்குக் கீழே அருகியது. 1,000-க்குக் கீழே அழிவாய்ப்பு. மேல்படிக்குரிய நிலையைத் தாண்டி ஐந்தாண்டுகள் கழிந்த பிறகே கீழ்ப்படிக்கு இறக்குவார்கள். இந்தக் கணக்கில் புறா தேறிவிட்டது. எண்ணியதில் பிழை என்று சொல்ல இடமில்லை. காலில் வண்ண வளையம் மாட்டி, பறவைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணும் காடு அது.

பிழை இருந்தால் அந்த எண் எப்படி வந்தது என்பதில்தான் இருக்க வேண்டும். 1976-இல் இயற்கையியலாளர் ஜெரால்டு டரலின் ஜெர்சி அறக்கட்டளையும் மொரீசியஸ் அரசும் கூண்டு வளர்ப்பைத் தொடங்கின. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் அதை ஆண்டுக்கணக்கில் முன்னெடுத்தார். கூண்டில் இருந்த ஜோடிகள் பல நல்ல பெற்றோராக இல்லாததால், முட்டைகளை வீட்டு வளர்ப்புப் புறாக்களுக்கு அடியில் வைத்துக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். 1987 முதல் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்டில் விடுவிப்பு நடந்தது. மகேபூர் கரைக்கு எதிரே உள்ள 26 ஹெக்டேர் பவளத் தீவான இல் ஒ எக்ரெத்தில் எலிகளை ஒழித்துவிட்டு, அங்கும் ஒரு கூட்டத்தைக் குடியேற்றினார்கள்.

விட்டதோடு வேலை முடியவில்லை. எலி, பூனை, கீரி ஆகியவற்றுக்குப் பொறி வைக்கிறார்கள்; முட்டை தின்னும் குரங்குகள் தனித் தொல்லை. காட்டுக்குள் தீனி மேடைகள் அமைத்துக் கோதுமையும் உடைத்த மக்காச்சோளமும் போடுகிறார்கள். காடே போதிய உணவு தராததுதான் காரணம். தரமான இயற்கைக் காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குள்ளும் சீனக் கொய்யா நெருக்கமாக மண்டி, உள்ளூர் மரங்களின் கன்றுகளைத் தலைதூக்க விடுவதில்லை. இப்புறா நெடுங்காலம் கூடு கட்டிவந்தது வெளியிலிருந்து வந்த ஜப்பானிய சுகி மரத் தோப்பில் என்பதே, சொந்தக் காடு எவ்வளவு குலைந்துவிட்டது என்பதைக் காட்டும்.

தீனி மேடை ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பறிக்கிறது என்ற வாதமும் உண்டு. டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி புறாக்கள் கூடும் இடத்தில் தண்ணீர், தீனி வழியாகப் பரவும். வெளியிலிருந்து வந்த மற்றப் புறா இனங்களும் அதைச் சுமக்கின்றன. தாயும் தந்தையும் ஊட்டும் புறாப்பாலோடு அது குஞ்சின் தொண்டைக்குள் இறங்கும். வாய்க்குள் மஞ்சள் படலம் அடைக்கும். விழுங்க முடியாமல் குஞ்சு வாடிச் சாகும். இந்த நோய் கூட்டில் உள்ள குஞ்சுகளில் பெரும் பகுதியைக் கொன்றிருக்கிறது. தீனியை நிறுத்தினால் பட்டினி, தொடர்ந்தால் நோய் என்ற இடுக்கில், தொடர்வதையே தேர்ந்திருக்கிறார்கள். சரியான தேர்வுதான். ஆனால் ஐந்நூறு என்ற எண் இந்தத் தேர்வின் மேல் நிற்கிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் மரபணுவிலிருந்து வருகிறது. பத்துப் பறவைகள் என்ற குறுகிய வாயில் வழியாக வந்த கூட்டம், எண்ணிக்கையில் பெருகிய பிறகும் மரபு வளத்தை இழந்துகொண்டே இருக்கிறது. 2022-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, தீங்கான மரபணுச் சுமை கூட்டத்தில் தங்கிவிட்டதைக் காட்டியது. மரபணு மீட்பு செய்யாவிட்டால் 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இனம் அழியக்கூடும் என்று கணித்தது. ஐரோப்பிய விலங்கியல் பூங்காக்களில் உள்ள புறாக்களிடம் காட்டுக் கூட்டம் இழந்த மரபு வகைகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டுக் கூட்டத்தில் கலக்கச் சொல்கிறது அந்த ஆய்வு.

இதை வைத்து ‘பழைய படிக்கே ஏற்றுங்கள்’ என்பவர்கள் பட்டியலின் இன்னொரு விதியைப் படிக்க வேண்டும். ‘அருகிய இனம்’ ஆக, 20 ஆண்டு அல்லது ஐந்து தலைமுறை, இரண்டில் நீளமான காலத்துக்குள் அழியும் வாய்ப்பு 20 விழுக்காடு என்று காட்ட வேண்டும். புறாவின் ஐந்து தலைமுறை ஐம்பது ஆண்டை எட்டாது. எனவே அந்த ஆய்வு மேல்படிக்குச் சான்றாகாது. ‘அழிவாய்ப்பு’க்கு நூறாண்டில் பத்து விழுக்காடு வாய்ப்பே போதும், அதற்கு அது தாராளமான சான்று. இறக்கம் அவசரம் என்று எடுத்துவந்த சான்றே இப்போதைய படியைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குக் கீழே இறக்கவும் விடாது.

கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அயலில் தேட வேண்டாம். அதே தீவின் வல்லூறு இருக்கிறது. 1974-இல் காட்டில் நான்கே பறவைகள் என்றிருந்த நிலையிலிருந்து அது மீண்டது. 1994-இல் ‘அழிவாய்ப்பு’ப் படிக்கு இறக்கப்பட்டது. அந்த வாக்கில் தீவிரப் பராமரிப்பும் ஓய்ந்தது. எண்ணிக்கை மறுபடி சரிய, 2014-இல் ‘அருகிய இனம்’ என்று ஏற்றினார்கள். பட்டியல் பிழை செய்யவில்லை. படி இறங்கியதைக் குணமானதாக வாசித்ததுதான் பிழை.

ஆகவே என் தீர்ப்பு: 2018-இன் முடிவு நிற்கட்டும். அழியும் ஆபத்தை அளக்கும் பட்டியலில், மனிதர் உழைப்பால் பிழைத்தது என்பதற்காக ஒரு பறவையை மேல்படியில் வைத்தால், உழைப்புக்குப் பலனே இல்லை என்றாகும். பாதுகாப்பை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை அளக்க 2021-இல் வந்த ‘பசுமை நிலை’ மதிப்பீடு இருக்கிறது; அந்தக் கேள்வியை அங்கே கேட்க வேண்டும். அடுத்த படிக்கு மட்டும் தலை எண்ணிக்கை போதாது. தீனி மேடைக்கே வராத ஜோடிகள் ஓராண்டில் எத்தனை குஞ்சுகளைக் கூட்டிலிருந்து பறக்கவிட்டன என்ற கணக்கைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.