பட்டியலில் இடம்பெறாத ஆடுகளம்

ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் முன்னர் இந்தியாவின் மிகச்சிறந்த பதினொருவரைத் தேர்ந்து பட்டியலிடுவதும், அந்தப் பட்டியலையே சான்றாக வைத்துக் கோப்பை கிடைக்குமா என்று கணிப்பதும் விளையாட்டு எழுத்தில் தனியொரு வகைமையாகவே நிலைபெற்றுவிட்டன. முன்னாள் ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சியில் ஒன்றும், நாளிதழ்கள் வாசகர் வாக்கெடுப்பின் மூலம் இன்னொன்றும் வெளியிடும் இந்தக் ‘கனவு அணி’க்கு அண்மைக் காலமாகக் கோட்பாட்டு வகையிலான ஆதரவும் கிடைத்து வருகிறது. பட்டியலிடுதல் திறனாய்வின் தொடக்கப் பயிற்சி என்றும், தேர்வுக்குழுவைப் பொதுமக்கள் கேள்வி கேட்பதற்கு இருக்கும் ஒரே வழி என்றும் அதன் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றிருந்தால் மறுக்க வேண்டிய தேவையே எழாத ஒரு வழக்கம், திறனாய்வு என்ற பெயரைக் கோரும்போது அந்தப் பெயருக்குரிய அளவுகோலால் அளக்கப்பட வேண்டியதாகிறது.

அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2019 உலகக் கோப்பைக்கு அம்பதி ராயுடுவை விடுத்துத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் விஜய் சங்கர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் ‘மூன்று பரிமாணம்’ என்ற விளக்கத்தை முன்வைக்க நேர்ந்ததற்குக் காரணம், நான்காம் இடத்தில் ஆட வேண்டியவர் யார் என்று நாடெங்கும் பட்டியல்கள் புழங்கியதுதான். மட்டைவீச்சு, பந்துவீச்சு, களத்தடுப்பு ஆகிய மூன்றையும் ஒருவரே தருவார் என்பது அந்த விளக்கத்தின் பொருள். அது சரியா தவறா என்பதைவிட, ஒரு விளக்கம் பொதுவெளியில் வந்தது என்பதே பட்டியலாளர்களின் வெற்றி. மாநிலச் சார்பு பற்றிய பழைய மனக்குறைகளுக்கும் பட்டியல் ஓர் ஆவணமாகப் பயன்படுகிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அடிப்படையான குறை அப்படியே எஞ்சி நிற்கிறது.

அந்தக் குறை, பட்டியலில் ஆடுகளத்துக்கு இடமே இல்லை என்பது. கனவு அணி என்பது ஒவ்வோர் ஆட்டக்காரரையும் மாறாத அளவுடைய ஒரு பொருளாகக் கொள்கிறது. அவருடைய ஓட்டச் சராசரியும் விக்கெட் எண்ணிக்கையும் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எந்தப் பந்தால், எத்தனை ஓவர் ஆட்டத்தில் சேர்ந்தவை என்பதை உதறிவிட்டு, எஞ்சிய எண்ணை வரிசைப்படுத்தி மேலிருந்து பதினொரு பெயர்களை எடுத்துக்கொள்கிறது. கிரிக்கெட்டோ, பந்து தரையில் பட்டெழும் விதத்தையே ஆதாரமாகக் கொண்ட விளையாட்டு. களத்தை நீக்கிவிட்டு அதைப் பற்றிச் செய்யப்படும் எந்தத் தேர்வும், எதற்கான தேர்வு என்ற வினாவுக்கு விடை சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டம் ஒன்றே போதுமானது. மாவட்டத்தின் சமவெளியில், நத்தம் அருகே என்.பி.ஆர். கல்லூரி வளாகத்திலுள்ள மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அத்தொடரின் தொடக்க ஆண்டான 2016 முதலே நடைபெற்று வந்துள்ளன. அதே மாவட்டத்தின் மேற்கில், பழனி மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்தால் பறக்கும் பந்துக்குத் தடை குறையும். சென்னையில் எல்லைக்கோட்டருகே பிடிபடும் அடி அங்கே எல்லையைத் தாண்டிவிடக்கூடும். பந்து காற்றிலேயே வளைந்து செல்வதற்கு, அதாவது ‘ஸ்விங்’ ஆவதற்கு, அதன் இரு புறமும் காற்று தரும் அழுத்த வேறுபாடே காரணம் என்பதால், மெல்லிய காற்றில் அந்த வளைவும் குறையும். சுழற்பந்தாளர் பந்தைக் காற்றில் மிதக்கவிட்டுத் திடீரென இறங்கச் செய்யும் வித்தைக்கும் இது பொருந்தும். ஆயினும் மலையின் ஈரமும் மூடுபனியும் தரையில் ஈரப்பதத்தைத் தக்கவைப்பதால், பந்து தரையில் பட்ட பிறகு வேகப்பந்தாளருக்கு வேறொரு வகையில் உதவி கிடைக்கும். கொடைக்கானலில் பன்னாட்டு ஆட்டம் எதுவும் நடந்ததில்லை. ஆனால் நத்தத்துக்கு உகந்த பதினொருவரும் கொடைக்கானலுக்கு உகந்த பதினொருவரும் ஒரே ஆட்களாக இருக்க முடியாது என்பதை உணர அங்கே ஆட்டம் நடக்க வேண்டியதும் இல்லை.

அதே மலைத்தொடரில் மேல்மலை என்று வழங்கப்படும் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதியிலும், கீழ்மலையாகிய தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பகுதியிலும் சமதளம் அரிது. இத்தகைய இடங்களில் டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு அணி சேர்ப்பவர், மேடு எந்தப் பக்கம், சரிவு எந்தப் பக்கம், பந்து பள்ளத்தில் விழுந்தால் எத்தனை ஓட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இடக்கை ஆட்டக்காரரைச் சேர்ப்பதா விடுப்பதா என்று முடிவெடுப்பார். தேசிய அணியைப் பற்றி எழுதும் எழுத்தாளர்கள் கேட்கத் தவறும் வினா, ஊர் அணியின் தலைவருக்கு முதல் வினாவாக இருக்கிறது.

பட்டியல் மனப்பான்மையை மறுக்கும் சான்றுகள் இந்தியாவின் உலகக் கோப்பை வரலாறு முழுவதும் கிடக்கின்றன. 1975இல் தமிழ்நாட்டின் சீ. வெங்கட்ராகவன் தலைமையில் சென்ற அணியில், எந்தப் பட்டியலிலும் முதல் பெயராக நின்றிருக்கக்கூடிய சுனில் கவாஸ்கர், இங்கிலாந்து 60 ஓவரில் 334 ஓட்டங்கள் குவித்த ஆட்டத்தில் 174 பந்துகளில் 36 ஓட்டங்களுடன் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார். இந்தியா 202 ஓட்டங்களில் தோற்றது. டெஸ்ட் ஆட்டத்துக்குரிய மேதைமை வேறொரு வடிவத்தில் என்னவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு கிடைப்பது கடினம். 1983இல் நடந்தது அதன் மறுபக்கம். அந்த உலகக் கோப்பையில் அதிகமாக 18 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ரோஜர் பின்னி. 17 விக்கெட்டுகளுடன் அவரை அடுத்து நின்ற இந்தியர் மதன்லால். இவ்விருவரையும் காலமெல்லாம் போற்றப்படும் இந்தியக் கனவு அணியில் யாரும் சேர்ப்பதில்லை. அன்றும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆங்கிலேயக் கோடையின் ஈரக் காற்றிலும் பசுந்தரையிலும், மிதமான வேகத்தில் பந்தைத் தரையில் பட்டு விலகச் செய்பவர்களே தேவைப்பட்டனர். இறுதியாட்டத்தில் இந்தியா எடுத்த 183 ஓட்டங்களில் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் அடித்த 38 ஓட்டங்களே இரு அணிகளிலும் தனியொருவரின் அதிகபட்சம். அவருடைய சராசரியைப் பார்த்து அந்த இடத்துக்கு நிதானமான ஒருவரைப் பரிந்துரைக்கும் பட்டியல்களுக்கு அன்று குறைவிருந்திருக்காது.

2023இன் சான்று இன்னும் கூர்மையானது. சேப்பாக்கத்தில் அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சுழலுக்கு உதவும் களத்தைக் கருதி அஸ்வின் சேர்க்கப்பட்டார். அதன்பிறகு அவர் ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. முகமது ஷமி முதல் நான்கு ஆட்டங்களில் வெளியே அமர்ந்திருந்தார். புனேயில் ஹார்திக் பாண்டியா கணுக்காலில் காயம்பட்டதால் அணியின் சமநிலை குலைந்து, அடுத்த ஆட்டத்தில் ஷமி உள்ளே வந்தார். அந்த ஆட்டம் நடந்த இடம் தரம்சாலா. கொடைக்கானலைவிட உயரம் குறைந்ததாயினும் மலைநகரம். அன்று மூடுபனியால் பந்து தெரியாமல் ஆட்டம் சற்று நேரம் நிறுத்தப்படவும் நேர்ந்தது. ஷமி அங்கே 54 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட் வீழ்த்தினார். ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட்டுகளுடன் தொடரின் முதல் பந்துவீச்சாளராக முடித்தார். ஆகஸ்டில் எழுதப்பட்ட கனவு அணியில் அவர் இருந்தாரா இல்லையா என்பது இங்கே பொருட்டே அன்று. ஒரு கணுக்காலும் ஒரு மலைக்களமும் தீர்மானித்ததை எந்தப் பட்டியலும் தீர்மானித்திருக்க முடியாது என்பதே பொருட்டு.

பட்டியலின் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கின்றனர்: களம் மாறினாலும் ஆட்டக்காரரின் தரம் மாறாது என்பது. கட்டடக் கலைஞராக இருந்து சுழற்பந்தாளராகி, தமிழ்நாடு பிரீமியர் லீகில் மதுரை அணிக்காக ஆடிக் கவனம் பெற்ற வருண் சக்கரவர்த்தியின் கதை அந்த மறுமொழியை உடைக்கிறது. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் துபாயில் மூன்று ஆட்டங்கள் ஆடி ஒரு விக்கெட்டும் எடுக்காத அவர், 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் அதே துபாயில் மூன்று ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இந்தியா கோப்பையை வென்றது. பெயர் ஒன்று, மைதானமும் ஒன்று. ஆனால் ஓவர்களின் எண்ணிக்கை வேறு, அணியில் அவரைச் சுற்றியிருந்த சுழற்பந்தாளர்கள் வேறு, இடையில் அவரே தம் பந்தைச் சுழற்றும் முறையைத் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தார். களம் என்ற சொல்லை மண் என்று மட்டும் குறுக்கிப் பொருள் கொள்வோருக்கும் இது ஒரு திருத்தம். அந்நாளின் சூழல் முழுவதையும் அது குறிக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையை நாடுவோர் அதன் இனிப்பை மட்டும் கருதுவதில்லை. நீர்ச்சத்துக் குறைவானதால் கலவை கெடாமல் நிற்கும் என்பதையும் அறிந்தே நாடுகின்றனர். ஆட்டக்காரரைத் தேர்வதும் அவ்வாறே. சாம்பியன்ஸ் கோப்பைக்கு ஐந்து சுழற்பந்தாளர்களா என்று கேலி செய்த பட்டியலாளர்களுக்கு, இந்தியாவின் எல்லா ஆட்டங்களும் துபாயில் நடக்கவிருந்தன என்ற எளிய செய்தி நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

பட்டியலிலிருந்து கோப்பை வாய்ப்பைக் கணிப்பது இதைவிடப் பெரிய பிழை. ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதற்கு நூற்றுக்கு எழுபத்தைந்து வாய்ப்பு உடையது என்று தாராளமாகவே கொண்டாலும், அரையிறுதி, இறுதி இரண்டையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பத்தாறுதான். தோற்றால் வெளியேற்றம் என்ற ‘நாக் அவுட்’ முறையில் மிகச்சிறந்த அணிகூட நாணயச்சுழற்சியைவிடச் சற்றே மேலான நிலையில்தான் நிற்கிறது. 2019இல் லீக் சுற்றில் 15 புள்ளிகளுடன் முதலிடம் பெற்ற இந்தியாவை, 11 புள்ளிகளுடன் பாகிஸ்தானுக்குச் சமமாக நின்று நிகர ஓட்ட விகிதத்தால் மட்டுமே உள்ளே வந்த நியூசிலாந்து அரையிறுதியில் 18 ஓட்டங்களில் வீழ்த்தியது. அத்தொடரில் ஐந்து சதங்கள் அடித்த ரோஹித் சர்மாவும், விராட் கோலியும், கே.எல். ராகுலும் தலா ஓர் ஓட்டத்தில் ஆட்டமிழந்தனர். உலகின் எந்தக் கனவு அணியும் அந்த மூவரை அன்று நீக்கியிருக்காது. மழையால் மறுநாளுக்கு நீண்ட அந்த ஆட்டத்தின் மான்செஸ்டர் வானமும் எந்தக் கணிப்பிலும் இடம்பெற்றிருக்கவில்லை. 2023இல் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்ற அணி, அகமதாபாத்தின் மந்தமான களத்தில் பகலில் 240 ஓட்டங்களுக்குள் அடங்கி, இரவில் பனி இறங்கிய பிறகு டிராவிஸ் ஹெட்டின் 137 ஓட்டங்களிடம் தோற்றது. நாணயச்சுழற்சியில் வென்று பந்துவீச்சைத் தேர்ந்த பாட் கம்மின்ஸ், பெயர்களைவிடக் களத்தையே முதலில் படித்திருந்தார்.

இந்தப் பழக்கம் வளர்ந்ததில் பணம் கட்டி விளையாடப்பட்ட செயலிகளுக்கும் பங்குண்டு. இரு அணிகளிலிருந்தும் பதினொருவரைத் தேர்ந்து, அவர்கள் எடுக்கும் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் புள்ளி பெறும் ட்ரீம் லெவன் போன்றவற்றில், அணி என்பது முழுக்க முழுக்கக் கூட்டுத்தொகைதான். எதிரெதிர் அணிகளின் ஆட்டக்காரர்கள் ஒரே பட்டியலில் அமர்ந்திருப்பதில் எந்த முரணும் அங்கே உணரப்படுவதில்லை. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது; இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அந்நிறுவனத்தின் பெயர் நீங்கியது. ஆனால் அது கற்றுக்கொடுத்த பார்வை விளையாட்டுப் பக்கங்களை விட்டு நீங்கவில்லை. பட்டியலைத் திறனாய்வு என்று அழைப்பவர்கள் அந்தப் பார்வையையே தம்மை அறியாமல் வழிமொழிகின்றனர் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். வேறு வகையில் சொல்ல இடமில்லை.

தேர்வுக்குழுவின் உண்மையான பணி பதினொருவரைத் தேர்வதாக ஒருபோதும் இருந்ததில்லை. பதினைந்து பேரைத் தேர்வதுதான். அந்தப் பதினைந்தில் கடைசி நான்கு பெயர்களே கடினமானவை; ஏனெனில் அவை எந்தக் களம் எதிர்பாராமல் திரும்பும், யாருடைய உடல் எப்போது கைவிடும் என்ற வினாக்களுக்கான விடைகள். 2023 செப்டம்பர் 28 அன்று, காயமடைந்த அக்ஸர் படேலுக்குப் பதிலாக அஸ்வின் சேர்க்கப்பட்டது அத்தகைய ஒரு விடை; சேப்பாக்கத்துக்கு அது பொருந்தியது, மற்ற ஊர்களுக்குப் பொருந்தவில்லை என்று அணி நிர்வாகம் முடிவெடுத்தது. அம்முடிவு சரியா என்பது நெடுநேரம் விவாதிக்கத்தக்க வினா. பன்னிரண்டாம் பெயருக்கு முன்பே நின்றுவிடும் கனவு அணியில் அந்த வினாவை எழுப்புவதற்குக்கூட இடமில்லை.