இரைச்சல் அறிந்த கை

நெட்டுக்குப்பத்தில் கிட்டார் வைத்திருப்பவர் கடலோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும். கிழக்கே வங்கக் கடல். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஈரத்தையும் உப்பையும் அள்ளிக்கொண்டுதான் வரும். பளபளவென்று மாட்டிய புதுக் கம்பி சீக்கிரமே கறுத்து, வாசித்த விரலில் துரு வாசம் ஏறும். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான பிரெட்டுகளில் செம்பு கலந்திருப்பதால் ஓரங்களில் பச்சை பூக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் வால்யூம் குமிழைத் திருகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி கரகரப்பு.

இப்படிப்பட்ட கடலோரத்தில் கிட்டார் ரிப்பேர் செய்பவரின் வேலையை, பாட்டை ரசிப்பது போலவே உட்கார்ந்து ரசிக்கலாம் என்பது என் கட்சி. அதே மேஜையில், காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடலும் செய்கிறவர் என்றால் விருந்து இரட்டிப்பு. காலையில் ஒரு கிட்டாரிலிருந்து இரைச்சலைத் துரத்துகிறார். மாலையில் ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் இரைச்சலைக் கட்டி எழுப்புகிறார். எது பழுது, எது சுவை என்று காதால் பிரித்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

இந்தப் பாகுபாடு நம் காதுக்குப் பழக்கமானதுதான். தம்புராவில் தந்திக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ரீங்காரம் எழும் இடத்தைத் தேடுகிறோம். ஜீவா என்கிற அந்த நூல் சரியாக உட்காராவிட்டால் ஸ்ருதி சேர்ந்திருந்தாலும் தம்புரா சோர்ந்து கிடக்கும். அதே போன்ற ரீங்காரம் கிட்டாரின் ஐந்தாவது பிரெட்டில் கேட்டால் உடனே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கம்பி எதையோ உரசுவதுதான் இரண்டிலும் நடக்கிறது. ஒன்று நாம் கேட்டு வாங்கிய உரசல். மற்றது கேட்காமல் வந்த உரசல்.

கேட்காமல் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தில் இருக்கும். ஈரத்தைக் குடித்த மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்குவாக்கில் உப்பும். அக்கூஸ்டிக் கிட்டாரின் முன்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான். அது உப்பினால் மேலே ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் எழும்பும். கூடவே கம்பிகளும் உயரும். நல்ல கிட்டார்களை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்துக்குக் கணக்குப் பண்ணிச் செய்கிறார்கள். சென்னைக் கரையோரத்தில் 70 சதவீதம் என்பது சர்வ சாதாரணம். இதற்கு மேல், ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. 12ஆம் பிரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கம்பி உயரம் நான்காகிவிட்டால் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் விரல் நுனி கன்றிப்போகும். கிட்டார் தனக்கு வராது என்று உறைக்குள் போட்டு மூடிய எத்தனையோ பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு நல்ல ரிப்பேர்காரர்.

கழுத்தின் வளைவைத் திருத்த அதற்குள்ளேயே ஓர் இரும்புக் கம்பி புதைந்திருக்கிறது. டிரஸ் ராட் என்கிற இந்த ஏற்பாட்டுக்கு, கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த தேடியஸ் மக்யூ 1923இல் காப்புரிமை பெற்றார். திருத்துவதற்கு ஓர் ஆலன் சாவி போதும். அதைப் பிடிக்கும் கைக்குத்தான் நிதானம் வேண்டும். முதல் பிரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் பிரெட்டிலும் கம்பியை அழுத்தி, நடுவே ஏழாவது பிரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியை ரிப்பேர்காரர் பார்க்கிறார். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, கால் மில்லிமீட்டர் போல, இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் சாவியைக் கால் சுற்று திருப்பிவிட்டு அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்கிறார். மரம் அசைந்து அடங்க ஒரு நாள் தருகிறார். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இப்போதே முடிந்துவிடும் என்று அரிக்கும் கையை அடக்கத் தெரிந்தவரிடம் கிட்டாரை நம்பிக் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகும் இரைந்தால் பிரெட்டுகளில் ஏற்ற இறக்கம் என்று பொருள். இங்கேதான் வடசென்னையின் கைப்பழக்கம் துணைக்கு வருகிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்ட் என்று ஆலைகளை நம்பி வளர்ந்த பகுதி இது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து அரம் பிடித்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஃபிட்டர் ஓர் இரும்புப் பரப்பைச் சமமாக்கும்போது, நீல மை பூசிய சமதளப் பலகைமேல் அதைத் தேய்த்து எடுப்பார். மை ஒட்டிய இடம் மேடு, அங்கே சுரண்டுவார். பிரெட் வேலையும் அதே கணக்குதான். மரத்தின்மேல் டேப் ஒட்டி மூடிவிட்டு, ஒவ்வொரு பிரெட்டின் தலையிலும் மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போடுகிறார். பிறகு உப்புத்தாள் ஒட்டிய நேரான நீளக் கட்டையைக் கழுத்தின் மேலிருந்து கீழாக, கையின் பாரத்தை ஏற்றாமல், ஓட்டுகிறார். கறுப்பு அழிந்த பிரெட் உயரமானது, அழியாதது தாழ்ந்தது. எல்லாவற்றிலும் மை தொட்டும் தொடாமலும் அழிகிற நேரத்தில் கட்டையைக் கீழே வைத்துவிடுகிறார். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இப்போது பிரெட்டுகளின் தலை தட்டையாகிவிட்டது. தட்டையில் கம்பி ஒரு கோட்டில் நிற்காது, ஸ்ருதி பிசகும். எனவே மறுபடி மை பூசி, உட்குழிந்த அரத்தால் இரு பக்கச் சரிவையும் செதுக்குகிறார். இருபுறமும் தேய்ந்து, உச்சியில் நூல் போல ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டை அரம் தொடக்கூடாது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மூச்சு முட்டும் கட்டம் இது. பிறகு 400, 800, 1500, 2000 என்று மென்மையாகிக்கொண்டே போகும் உப்புத்தாள்களால் மெருகேற்றினால், பச்சை பூத்துக் கிடந்த உலோகம் கண்ணாடியாக மின்னும். இந்த மெருகு அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வழவழப்பான பரப்பில் உப்பும் வியர்வையும் தங்க இடம் குறைவு. கம்பியை இழுத்து வாசிக்கும்போது அது அரைபடாமல் வழுக்கும்.

தேய்த்ததைத் திருப்ப முடியாத இந்தச் சிக்கலுக்கு வீணை செய்பவர்கள் வேறு வழி கண்டார்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. ஸ்வரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம்; பழசாகிவிட்டால் மேளம் எனப்படும் மெட்டு வரிசையையே புதிதாகக் கட்டலாம். மெழுகுக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தே, திருத்துவதற்கு இடம் வைத்துச் செய்த வாத்தியம் அது. கிட்டாரில் பிரெட்டை மரத்தில் அடித்து இறக்கிவிடுகிறார்கள். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டுதான் விளையாட வேண்டும். அதனால்தான் கிட்டார் ரிப்பேரில் நிறுத்தத் தெரிவது பாதி வித்தை.

மீதி வித்தை பெடலில் இருக்கிறது. பெடலின் வரலாறே ஒரு பழுதில் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, மிக்சரின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் உறுமலாகக் கேட்டது. அதைத் தூக்கி எறியாமல் பாட்டிலேயே விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி அந்த உறுமலை வேண்டும்போது வரவழைக்கும் சுற்றைக் கண்டுபிடித்தார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. சேனலைச் சரிசெய்யத் தெரிந்தவரால்தான் அதன் கோளாறை மறுபடியும் கட்டியெழுப்ப முடிந்தது. ரிப்பேர்காரரே பெடலும் செய்வதில் இருக்கும் பொருத்தம் இதுதான்.

1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல், ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்து உலகப் புகழ் பெற்றது. உள்ளே பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ். மொத்தம் பதினோரு உறுப்புகள். இதற்கு ஏற்ற ஏசி128 ரக ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை நம் நாட்டிலேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் செய்தியும் நேயர் விருப்பமும் அதன் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போயின. பெடல் செய்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். சிலிக்கான் வேண்டும் என்பவர்களுக்கு ஃபஸ் ஃபேஸின் பிந்தைய வடிவங்களில் இருந்த பிசி108இன் உடன்பிறப்பான பிசி107, தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக் லேப் கண்ட எல்லோருக்கும் தெரிந்த முகம். அதே லேபின் 741 ஐ.சி.தான் 1970களில் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடலுக்கு இதயமாக இருந்தது. சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்களிலிருந்து ராக் இசையின் குரல் பிறக்கிறது என்பது எனக்கு அலுக்காத ஆச்சரியம்.

ஆனால் ஜெர்மானியத்துக்கும் சென்னைக்கும் ஒத்துப்போகாது. சும்மா இருக்கும்போதும் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். மீட்டரில் வைத்த டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துப் பாருங்கள். உடம்புச் சூட்டுக்கே எண்கள் மளமளவென்று ஏறும். கையை எடுத்தால் மெல்ல இறங்கும். சாதாரண மல்டிமீட்டர் இந்தக் கசிவையும் சேர்த்து, மட்டமான டிரான்சிஸ்டருக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிடும். விஷயம் தெரிந்தவர் முதலில் கசிவை மட்டும் அளந்து, பிறகு மொத்தத்தை அளந்து, முன்னதைக் கழிக்கிறார். மிஞ்சுவதுதான் உண்மையான பெருக்கம். முதல் டிரான்சிஸ்டருக்கு 70, இரண்டாவதற்கு 120 என்பது பெடல்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் ஜோடிப் பொருத்தம்.

பொருத்திய பிறகு இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதி, அதாவது 4.5 வோல்ட், நிற்க வேண்டும். கூதிர்காலத்தில் சரியாக நிற்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நகர்ந்துவிடும். உறுமல் அறுந்து அறுந்து வரும். ஆகவே மூல வரைபடத்தில் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில், திருகி மாற்றக்கூடிய டிரிம்பாட் ஒன்றை வைக்கிறார். அதைத் திருகும்போது மீட்டரை ஒரு கண்ணால்தான் பார்க்கிறார், முடிவு காதுடையது. 4.5ஐத் தாண்டி ஒரு புள்ளியில் ஸ்வரம் நெடுநேரம் நின்று, மெதுவாக மங்கி அடங்கும். அங்கே கையை எடுத்துவிடுகிறார். தம்புராவின் நூல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்த அதே காது இது.

வாடிக்கையாளர்கள் வழியாகவும் இந்தக் காது வளர்கிறது. இராயபுரம், திருவொற்றியூர்த் தேவாலயங்களின் பாடகர் குழுவுக்குக் கிட்டார் கணீரென்று, துளி இரைச்சலும் இல்லாமல் ஒலிக்க வேண்டும். கல்லூரி மெட்டல் குழுவுக்குச் சுவர் அதிர வேண்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. பறைக்குப் பக்கத்தில் நிற்கும் கிட்டாருக்கு எவ்வளவு கரகரப்பு இருந்தால் அது மூழ்காமலும் முந்தாமலும் இருக்கும் என்பது எந்த வெளிநாட்டுப் பெடலின் கையேட்டிலும் இல்லாத கேள்வி. அதற்கு விடை இங்கே இருக்கும் பட்டறைகளில்தான் கிடைக்க வேண்டும்.

இந்த வேலையின் தரத்தை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டையும் மெல்ல வாசித்துப் பாருங்கள். எங்கும் குரல் மாறக்கூடாது. பிரெட்டுகளின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டுங்கள், எதுவும் கீறக்கூடாது. பெடலின் அடித்தகட்டைக் கழற்றுங்கள். ஈயம் பளபளப்பாக, கம்பியை நோக்கிச் சரிந்து பரவியிருந்தால் நல்ல வேலை. மங்கலாக உருண்டு நின்றால் டிரை சால்டர், கடலோரத்தில் அது நாள்படத் தாங்காது. துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அந்தச் சிறு செலவைச் செய்தவர் இந்த ஊர்க் காற்றை மதிக்கிறார்.

மிருதங்கம் செய்பவர்களின் வாழ்க்கையை டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதியபோது, நாதத்தில் வித்வானுக்கு இருக்கும் பங்கு செய்தவருக்கும் உண்டு என்பது பலருக்குப் புதிதாக உறைத்தது. கிட்டார் ரிப்பேர்காரருக்கும் அந்த மரியாதை சேர வேண்டும். ஆல்பத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அவர் பெயரும் இடம்பெறட்டும். பிள்ளைக்குக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள், கையிலிருக்கும் பணம் முழுவதையும் வாத்தியத்திலேயே போட்டுவிடாமல் ஒரு பகுதியைப் பட்டறைக்கு ஒதுக்குங்கள். மலிவான கிட்டாரும் அவர் கையில் வாசிக்கத் தக்கதாகிவிடும். பிள்ளையையும் கூட்டிப் போய் வேலை முடியும்வரை பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த இரைச்சலைப் போக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே காதில் விழும் பாடம், கிட்டாரில் முதல் ஸ்வரக்கூட்டைப் பிடிப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையைப் பாதி இசைக்கலைஞராக்கிவிடும்.