யாருக்கும் காட்டாத நோட்டு

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் சொல்கிறேன், மெட்ரோவில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறேன், சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தும் சொல்கிறேன்: தினமும் ஒரு நோட்டை எடுத்து, மனதில் வருவதையெல்லாம் கையால் எழுதுங்கள். திருத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய நிம்மதி என் வாழ்க்கையில் வேறெதிலும் கிடைத்ததில்லை.

நான் திருவொற்றியூர்க்காரன். கப்பல் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் என்று நாள் முழுக்க எண்ணும் எழுத்தும்தான். ஓர் எண் பிசகினால் பெட்டி யார்டிலேயே நிற்கும்; போன் மேல் போன் வரும். வீட்டுக்கு வந்தாலும் அமைதி கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் துறைமுக கேட்டை நோக்கி வரிசை கட்டி நிற்கும். ஹாரனுக்கு ராத்திரி பகல் தெரியாது. காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து வாடை வீட்டுக்குள் வந்துவிடும். காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்களும் தெருமுனையில் எதிர்ப்படுவார்கள். இந்த இரைச்சல் காதோடு நின்றால் பரவாயில்லை, தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. படுத்தால் நாளைய வேலை, எழுந்தால் நேற்றைய பேச்சு. அதற்கு எனக்குக் கிடைத்த மருந்துதான் இந்த எழுத்து.

விதிகள் மிக எளிது. அமெரிக்க ஆசிரியர் பீட்டர் எல்போ 1973-ல் வெளியான புத்தகத்தில் அவற்றை நறுக்கென்று வகுத்துக் கொடுத்தார். பத்து நிமிடம் கையை நிறுத்தக் கூடாது. எழுதியதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதையும் அடிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுத வேண்டும். 1992-ல் ஜூலியா கேமரூன் என்ற எழுத்தாளர் இதைக் காலைப் பழக்கமாகப் பரப்பினார்: எழுந்ததும் மூன்று பக்கம், கையெழுத்தில். நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளையார் சுழி போடுவேன், தேதி போடுவேன், மூன்று பக்கம் நிறையும்வரை பேனாவைக் கீழே வைக்க மாட்டேன்.

எழுதும்போது நடப்பதுதான் அதிசயம். முதல் பக்கம் முழுக்கப் புலம்பல் வரும்: கேஸ் சிலிண்டர், பையனுடைய ஸ்கூல் ஃபீஸ், வராத தண்ணீர் லாரி, ஆபீசில் ஒருவர் பேசிய தொனி. வரட்டும், வரத்தான் வேண்டும். இரண்டாம் பக்கத்தின் பாதியில் கை தானாக ஓட ஆரம்பிக்கும். ஆபீஸ்காரர் மேல் கோபம் என்று தொடங்கியது, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை எப்படிச் சமாளிப்பது என்ற பயத்தில் போய் நிற்கும். அட, இவ்வளவு நாளாக உள்ளே உறுத்தியது இதுதானா! அந்த வரியை எழுதும்போதே தோள்பட்டை தளர்வதை என்னால் உணர முடிகிறது. இன்ன பயம் என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் பக்கத்தில் பெரும்பாலும் வழிதான் வரும்: யாருக்குப் போன் போட வேண்டும், எதை இன்றே முடிக்க வேண்டும், எதைக் கவலையில்லாமல் விட்டுவிடலாம். நோட்டை மூடி எழுந்திருக்கும்போது அப்படி ஒரு தெளிவு!

இது எனக்கு மட்டும் பலித்த வித்தை அல்ல. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார்கள். சிலர் தங்களை மிகவும் வருத்திய அனுபவத்தை எழுதினார்கள், சிலர் சாதாரண விஷயங்களை. வருத்தத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துத்தான் போயிருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கல்லூரி மருத்துவ மையத்தை நாடினார்கள். தொடக்க நாட்களில் அழுகை வருகிறதே என்று பயந்து நோட்டைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: கொஞ்சம் பொறுங்கள். தாங்க முடியாத துயரம் என்றால் டாக்டரைப் பாருங்கள். நோட்டும் கூடவே இருக்கட்டும்.

தூக்கம் வராதவர்களுக்கும் இதில் நல்ல செய்தி உண்டு. அமெரிக்காவில் 57 இளைஞர்களை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். ராயபுரத்தில் இருக்கும் என் அக்கா நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வந்து, ஜன்னலைச் சாத்தி, ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் படுக்கிறாள். “டேய், வார்டை வார்டிலேயே விட்டுட்டு வர முடியுதுடா” என்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

போனில் தட்டினால் ஆகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. போனில் அழிக்கும் பொத்தான் இருக்கிறது, நடுவில் வாட்ஸ்அப் வந்து விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விரல் தட்டும் வேகத்துக்குப் பழைய கவலைகளே மறுபடி மறுபடி சுற்றி வருகின்றன. கையெழுத்து மெதுவானது, துறைமுக கேட்டில் டிரெய்லர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போவதுபோல எண்ணங்கள் ஒவ்வொன்றாகத்தான் காகிதத்தில் இறங்க முடியும். நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், விசைப்பலகையில் தட்டியதைவிட டிஜிட்டல் பேனா பிடித்து எழுதியபோது மூளையின் பல பகுதிகளுக்கிடையே தொடர்பு கூடுதலாக இருந்தது தெரிந்தது.

இந்தப் பழக்கத்தை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு நம்ம ஏரியாக்காரர் ஒருவரைக் காட்டுகிறேன். 1709-ல் பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை! புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736-ல் எழுதத் தொடங்கி, 1761-ல் கண்மூடும் காலம்வரை கால் நூற்றாண்டு குறிப்பு எழுதினார். அவர் எழுதியது தினக்குறிப்புதான். ஆனால் அந்த மனம் எவ்வளவு தாராளமாகத் திறந்துகொள்கிறது! வந்த கப்பல், போன கப்பல், துணி வியாபாரம், கவர்னர் சொன்னது, ஊரில் அடிபடும் வதந்தி, சோதிடர் வாக்கு, டூப்ளேயின் மனைவி மேல் இருந்த மனக்கசப்பு எல்லாம் அன்றாடப் பேச்சுத் தமிழில் வந்து விழுகின்றன. 1846-ல் காலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும்வரை அந்தக் குறிப்புகளை உலகம் அறியாது. பகலெல்லாம் பிறர் பேச்சை மொழிபெயர்த்த மனிதர், காகிதத்தில் தன் பேச்சைப் பேசியிருக்கிறார். நானும் கப்பல் காகிதத்தோடு நாளைக் கழிப்பவன், அதனால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் மொட்டை மாடியில் எழுதுவதைப் பார்த்து, “இன்னா தம்பி, டெய்லி இன்னாத்த எழுதினு கீற?” என்று கேட்டார். “மனசுல கெடக்கிறத எறக்கி வைக்கிறேண்ணே” என்றேன். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது வண்டி வரிசையில் நிற்கும்போதெல்லாம் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறார். “லைன்ல நிக்கிற கடுப்பு வூட்டுக்கு வர்ல தம்பி” என்று அவர் சொன்ன அன்று நான் பூரித்துப்போனேன்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சாதாரண கோடு போட்ட நோட்டே போதும். விலை உயர்ந்த டைரி என்றால் அழகாக எழுதத் தோன்றும், அது வேண்டாம். பால் பாயின்ட் பேனா போதும், ஆனால் கை வலித்தால் மை பேனாவுக்கு மாறுங்கள்; அழுத்தாமலே ஓடும். பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் பேனாக்கடைகள் இருக்கின்றன, எழுதிப் பார்த்தே வாங்கலாம். பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள், பிழையைப் பார்க்காதீர்கள், கெட்ட வார்த்தை வந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். பலன் குறையாது, எழுதும்போதே வேலை முடிந்துவிட்டது. முதல் ஷிப்டுக்காரர்கள் கிளம்புமுன், நைட் ஷிப்டுக்காரர்கள் படுக்குமுன். எந்த நேரமானாலும் போனைத் தொடுவதற்கு முன்னால்.

சில நாளில் சலிப்பு வரும், கண்டிப்பாக வரும். அன்றைக்குச் சலிக்கிறது என்றே முதல் வரியை எழுதுங்கள், ஏன் சலிக்கிறது என்று இரண்டாவது வரியை எழுதுங்கள். அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டீர்களென்றால், அப்புறம் நோட்டு தீரத் தீர வாங்குவதுதான் உங்கள் வேலை!