தாவர சாசேஜ்: நீங்கியது என்ன, சேர்ந்தது என்ன?

ஹாம், பேக்கன், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் சோடியம் நைட்ரைட். பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்குவதும் அதுவே. இறைச்சித் தொழில் அதை எளிதில் கைவிடாததற்கு இது நியாயமான காரணம். ஆனால் நைட்ரைட்டும் இறைச்சியின் ஹீம் இரும்பும் சேர்ந்து குடலில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசோ சேர்மங்கள் உருவாக வழி செய்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. இது ஒப்பீட்டு உயர்வு மட்டுமே. புகையிலையும் அதே பிரிவில் இருப்பது சான்றின் உறுதியைக் காட்டுகிறதே தவிர, இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று சொல்லவில்லை.

தாவர சாசேஜின் முதன்மையான வலிமை இங்கேதான். அதில் இறைச்சியின் ஹீம் இல்லை. நைட்ரைட்டும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இறைச்சியில் அறவே இல்லாத நார்ச்சத்து ஓரளவு கிடைக்கிறது. இந்த முயற்சி புதியதும் அல்ல. முதல் உலகப்போர்க் காலப் பஞ்சத்தில் கொலோன் நகர நிர்வாகத்திலிருந்த கொன்ராட் அடனாவர், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரானவர், சோயா மாவு சேர்த்த சாசேஜ் ஒன்றை உருவாக்கினார். ஜெர்மனி மறுத்த காப்புரிமையை, எதிரி நாடான பிரிட்டன் 1918இல் வழங்கியது. 1834இல் தொடங்கிய ரூகன்வால்டர் மியூல என்ற ஜெர்மன் சாசேஜ் நிறுவனமே 2014இல் சைவ வகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

குறைகள் பெரும்பாலும் இறைச்சியைப் போலவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து பிறக்கின்றன. கேரட், லீக், உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள் கொண்டு செய்தால் பொருள்கள் வீட்டுச் சமையலறையில் உள்ளவை. ஆனால் புரதம் குறைவு. புரதத்துக்காகச் சோயா, பட்டாணி, கோதுமை ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த புரதங்களைச் சேர்த்தால், அவற்றைப் பிணைக்க மெத்தில் செல்லுலோஸ் வேண்டியிருக்கிறது. இது சூட்டில் இறுகி, ஆறினால் இளகும்; வாணலியில் கெட்டியாக இருந்த சாசேஜ் தட்டில் ஆறியதும் தளர்வதற்கு இதுவே காரணம். கொழுப்பின் சாறு வேண்டிச் சேர்க்கும் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. உப்பும் தாராளம். நூறு கிராமில் ஒன்றரை கிராமைத் தாண்டும் வகைகள் உண்டு; உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைப்பது ஐந்து கிராமுக்கும் குறைவுதான். செறிவூட்டாவிட்டால் பி12 கிடைக்காது. கோதுமைப் புரதம் சேர்ந்தவை சீலியாக் நோயாளிகளுக்கு ஆகாது.

நேரடிச் சான்றும் மெலிந்தே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிக்குப் பதில் தாவர இறைச்சி வகைகளை எட்டு வாரம் உண்டபோது எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 36 பேர்தான். நிதி தந்தது தாவர இறைச்சி தயாரிக்கும் பியாண்ட் மீட் நிறுவனம். புற்றுநோய் போன்ற நீண்டகால விளைவைச் சொல்ல எட்டு வாரம் போதாது.

ஆகவே தாவர சாசேஜின் மதிப்பு, அது தட்டில் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. தினமும் பேக்கன் உண்பவருக்கு இந்த மாற்றம் பயனுள்ளதாக இருக்கக்கூடும். உப்பு குறைந்த, தேங்காய் எண்ணெய்க்குப் பதில் ரேப்சீட் எண்ணெய் சேர்த்த வகை என்றால் இன்னும் நல்லது. பருப்பும் கொண்டைக்கடலையும் உண்டுவருபவர் அவற்றை விட்டு இதற்கு மாறினால், கூடுதல் விலை கொடுத்து உப்பைத்தான் வாங்குகிறார்.