நிற்கும் வண்டியின் பேட்டரி

புதுச்சேரி துமாஸ் வீதியில் உறை போர்த்தி வாரக்கணக்கில் நிற்கும் கார்களைப் பார்த்தால் எனக்கு அவற்றின் பேட்டரி ஞாபகம்தான் வரும். பிள்ளையைப் பார்க்கப் பாரீசுக்குப் போனவர் திரும்பி வந்து சாவியைத் திருகினால், ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. 1859இல் ஈய-அமில பேட்டரியைச் செய்தவரும் பிரெஞ்சுக்காரர்தான், காஸ்தோன் பிளாந்தே!

வண்டி நின்றாலும் கடிகாரமும் அலாரமும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். நம் ஊர் வெக்கையில் பேட்டரி தானாகவும் இறங்கும். முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட். இறங்கியபடியே விட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும்.

இதற்கு மருந்து, கைக்கடக்கமான ஒரு பராமரிப்புச் சார்ஜர். பேட்டரி நிறைந்ததும் 13.5 வோல்ட் அளவில் தாங்கிப் பிடித்து, பச்சை விளக்கை எரியவிட்டுச் சும்மா இருக்கும். வேலை முடிந்ததும் ஒதுங்கத் தெரிந்த அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐந்து நிமிடம் இன்ஜினை உறுமவிட்டு அணைப்பதில் பெரிய பலனில்லை. இறங்கிய பேட்டரி அதில் நிறையாது.

முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொருக்கை வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாசலின் தடவுங்கள். சார்ஜர் இல்லையா? ஊருக்குக் கிளம்புமுன் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும்.