வேலனும் தோழியும்

சங்க அகப்பாடல்களில் மகளின் உடல் மெலிந்தால் தாய் வேலனை அழைக்கிறாள். கழங்கு பார்த்து, முருகன் அணங்கியதாகச் சொல்லி, வெறியாட்டு நடக்கிறது. அவள் வாய் திறக்கும் முன்பே அவள் நோய்க்குப் பெயர் வைத்தாகிவிடுகிறது. வகுப்பறையில் காதல் சுவைக்காக மட்டுமே நடத்தப்படும் துறை இது. ஒரு பெண்ணின் துயரத்துக்கு மற்றவர்கள் பொருள் சொல்லும் கதையாகவும் இதை வாசிக்க வேண்டும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் தோழி வேறுவிதம். தலைவியின் மறைபொருளைக் காக்கிறாள். அவள் உடன்பட்ட பிறகே செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள்.

மனநல ஆலோசனைக்கு முதன்முறை போகும் பெண் எதிர்பார்க்க வேண்டியது இந்தத் தோழியைத்தான். திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ பேருந்தேறும்போது கூடவே கணவரோ மாமியாரோ வரலாம். தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலைமை, சாகத் தோன்றியதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். எல்லாவற்றையும் அன்றே கொட்டிவிட வேண்டியதில்லை. சொன்னதை வெளியிடாமல் காக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23 தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விலக்குகள் உண்டு. அவை எவை என்று முதல் நாளே கேளுங்கள். பேருந்தேற முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம்.

அடிபட்டு வந்தவளிடம் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்பவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் வேலன்தான். அவர் எதிரே மறுபடியும் போய் உட்கார வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வேறொருவரைத் தேடுங்கள்.