எந்தத் தகடு மிஞ்ச வேண்டும்?

பழைய கார்களைப் புதுப்பிக்கும் பிரிட்டிஷ் பட்டறைகளில் அடிக்கடி கண்ணில் படும் வண்டி எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு முந்தைய எம்ஜிஏ-வுக்கு இருந்த தனி சேஸிஸ் இதற்குக் கிடையாது. ஸ்பாட் வெல்டிங்கால் இணைத்த மெல்லிய எஃகுத் தகடுகளின் கூடே வண்டியைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பகுதிதான் அந்தக் கூட்டின் பலம். துரு விரும்பி அரிப்பதும் அதைத்தான்.

துருப்பிடித்த சில்லைக் கழற்றுவதற்குப் பலரும் எடுப்பது ஸ்பாட் வெல்ட் கட்டர். ஸ்பாட் வெல்டிங்கின்போது இரண்டு தாமிர முனைகள் தகடுகளை இறுக்க, ஊடே பாயும் மின்சாரம் அவை தொடும் இடத்தை உருக்கி ஒட்டவைக்கிறது. 1 மி.மீ. தகட்டில் அந்தப் புள்ளி ஏறத்தாழ 5 மி.மீ. அகலம் இருக்கும். கட்டர் அதைச் சுற்றி மேல் தகட்டை மட்டும் வட்டமாக அறுக்கிறது. கீழ்த் தகடு தப்பிக்கிறது, விளிம்பும் வளைவதில்லை. புதிய பேனல் பழைய இடத்திலேயே பொருந்தி உட்கார்கிறது. உளியை அடித்து நெம்பினால் இந்த மூன்றும் போய்விடும். பொறுமையைக் கேட்கிற வேலைதான். ஆனால் அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

குறைகளும் சிறியவை அல்ல. ஆழம் முழுக்கக் கையின் பொறுப்பு. கொஞ்சம் அழுத்தம் கூடினால் காப்பாற்ற வேண்டிய தகட்டிலேயே பள்ளம் விழும். முதலில் பஞ்ச் அடித்துக் குழி வைக்காவிட்டால் கட்டர் வழுக்கி ஓடும். கச்சிதமாக அறுத்தாலும் கீழ்த் தகட்டில் ஒட்டி நிற்கும் உலோகப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாக வேண்டும்.

இங்கேதான் கட்டர்மீதுள்ள அளவு கடந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. மேல் தகடு எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்றால், குறுகிய பெல்ட் சாண்டரால் புள்ளிக்கு மேலே தேய்ப்பதே மேல். தகடு மெலிய மெலியப் புள்ளியின் வட்டம் தானே தெரிந்துவிடும், அங்கே நிறுத்தலாம். கீழ்த் தகடும் துருவில் போய்விட்டதா? அப்போது இரண்டையும் சேர்த்து வெட்டி எடுப்பதுதான் அறிவு. எந்தத் தகடு மிஞ்ச வேண்டும் என்று முடிவு செய்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கூரையில்லாத எம்ஜிபி ரோட்ஸ்டரில் சில்லை எடுத்துவிட்டால் உடலின் நடுப்பகுதியைத் தாங்க அதிகம் மிஞ்சாது. கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை வைத்துப் பிணைக்காமல் அறுத்தால் நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்விலேயே புதிய சில்லைப் பற்றவைத்தால் பிறகு கதவு சரியாக மூடாது. அதனால்தான் கவனமுள்ளவர்கள் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுகிறார்கள். நடுநடுவே கதவை மாட்டிப் பார்க்கிறார்கள்.

தவிர்க்க வேண்டிய ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. வெளிச் சில் முன், பின் மட்கார்டுகளுக்குப் பின்னாலும் நீள்கிறது. முன் மட்கார்டைப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். பின்புறத்தில் கொஞ்சம் வெட்டியாக வேண்டும். அதற்குச் சோம்பி, கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் மாற்றுவதும், துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுவதும் புதுப்பித்தல் ஆகாது. அது வாங்குபவரை ஏமாற்றுவது.

இந்த அனுபவத்தை இன்றைய கார்களுக்கு அப்படியே கொண்டுபோகவும் கூடாது. கதவுத் தூண்களில் வரும் போரான் எஃகு சாதாரண கட்டரின் பல்லை உடைக்கும். வெல்டிங் சூட்டில் தன் வலுவையும் இழக்கும். அங்கே தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்வதே வழி.

தரையும் உட்சில்லும் சேர்ந்தே அழுகிப்போன எம்ஜிபிக்குப் புதிய கூடு வாங்குவதே நியாயமான தீர்வு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் அதைப் பழைய அச்சுகளைக் கொண்டே தயாரித்து வருகிறது. புதுப்பித்த வண்டியை வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பை ஒதுக்கிவிட்டு, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால், தொய்ந்த நிலையில் சில் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள்.